அரக்கனின் காலில் விழுந்த மந்திரவாதி

எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது என்னால்தான். வீட்டில் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக அப்பா இருந்தார். மாமா அம்மாவின் தம்பி. பத்து வயதிலிருந்து அவரை வளர்த்து ஆளாக்கியவர் அப்பா. சிரம்பானில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை கிடைத்ததும் மாமாவுக்குத் தைரியமும் வந்து, தம்பின் என்ற ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். அப்பாவோ ரெம்பாவில் தன் சொந்தக்காரர் ஒருவரிடம், உன் பெண்ணைத்தான் இவனுக்கு எடுப்போம் என்று எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. சாம்பார் வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டுக்கொள்வார்கள். மாமா கோயில் தலைவரைத் தூது அனுப்பினார். கடிதம் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்தார். அம்மாவை அழவும் வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று மாமா கதை விளையாட்டு ஒன்றின் ஆங்கிலப் புத்தகத்தோடும் இருபது முகமுள்ள பகடை ஒன்றோடும் வந்தார். கூட வேலை செய்யும் சீன நண்பர் இரவல் கொடுத்தது. கதையை மாமா சொல்வார். அதில் வரும் பூதம், எலி, அரக்கன் எல்லாம் அவரே. அக்கா வாள் வீராங்கனை, நான் மந்திரவாதி. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டங்கள் போட்டோம். எங்களுக்குக் காய் ரப்பர் கொட்டைகள், அரக்கனுக்கு ஒரு காலிப் பால் டின். செத்தவருக்கு விடுமுறை முடியும்வரை ஆட்டத்தில் இடமில்லை. அம்மாவோடு போய் ரப்பர் மரத்துக் கோப்பைகளில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க வேண்டியதுதான். அந்த நாற்றத்துக்குப் பயந்தே நான் உயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் அரக்கன் வந்து சேர்ந்தான். தூரத்திலிருந்து வீசும் நெருப்பையெல்லாம் நான் எலிகள் மேலேயே வீசித் தீர்த்திருந்தேன். மிச்சம் இருந்தது ஒரே மந்திரம். இருப்பதிலேயே பலமானது, ஆனால் எதிரியைக் கையால் தொட்டால்தான் பிடிக்கும். அரக்கனின் தடியோ இரண்டு கட்டம் நீளும். ஆயுதத்தோடு நெருங்குபவரை அவன் முந்திக்கொண்டு ஒரு அடி அடிக்கலாம் என்பது விதி. ஒரு அடிக்கு ஆறு உயிர் போகும். என்னிடம் இருந்தது மூன்று. அக்கா முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த அடியில் அவள் செத்துவிடுவாள், அதற்கடுத்தது நான். பக்கத்தில் நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூட அவர் நிமிரவில்லை.

நான் என் மந்திரக்கோலைக் கீழே போட்டேன்.

"கையில ஆயுதம் இல்ல மாமா. கிட்டப் போறேன். அவரு கால்ல விழுறேன்."

சொன்னதோடு நிற்காமல் மாமாவின் காலிலேயே விழுந்தேன். தீபாவளியானாலும் பரீட்சையானாலும் பெரியவர்கள் காலில் விழுந்து எழும் வீடு எங்களுடையது. மாமாவின் கை பாட்டுக்கு என் தலைக்கு வந்தது, வாய் பாட்டுக்கு "நல்லா இரு" என்றது.

"தொட்டாச்சி. மந்திரம் போட்டுட்டேன்."

பகடை பதினெட்டைக் காட்டியது. அரக்கன் ஆசீர்வாதமெல்லாம் செய்ய மாட்டான், இது செல்லாது என்று மாமா வாதாடினார். வாயால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்று அடுப்படியிலிருந்து அம்மா தீர்ப்புச் சொன்னார். பால் டின் கவிழ்ந்தது. ரோஷத்தில் மாமா அப்போதே புது விதி போட்டார்: இனிமேல் யாராவது காலில் விழ வந்தால் அரக்கன் காலை இழுத்துக்கொள்ளலாம், விழுந்தவன் குப்புறக் கிடப்பான், தலையில் ஒரே போடு. அதை இரண்டு முறை உரக்கச் சொன்னார். அப்பா பேப்பரைப் புரட்டினார்.

மறு ஞாயிறு. அப்பா அதே நாற்காலியில் இருந்தார். உள்ளேயிருந்து மாமா வந்தார். எப்போதும் கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரை அலமாரி மேல் வைத்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது, பற்றிக்கொண்டும் வந்தது. என்னைக் கேட்காமல் என் மந்திரத்தை எடுத்து, அதுவும் என் அப்பா மேலேயே போடப்போகிறார்.

"அப்பா, கால இழுத்துக்குங்க" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அப்பாவின் கால் அசையவில்லை. மாமா விழுந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். அப்பா அந்தத் தலையில் கையை வைத்தார்.

"நல்லா இருலா. ரெம்பாவுக்கு நான் போயி பேசிக்கிறேன்."

இரண்டு மாதத்தில் மாமாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பகடையே உருட்டவில்லை, ஆட்டம் செல்லாது என்று நான் மட்டும் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். ரெம்பாவுக்குப் போன அப்பா மாலையில் திரும்பி வந்து சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். என்ன பேச்சு வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

நான் அவ்வளவு கத்தியும் காலை இழுக்காமல் உட்கார்ந்திருந்தாரே என்று அவர் மேல் ரொம்ப நாள் கோபம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.