கனகம் அக்காவுக்கு நாங்கள் பாதிதான் வாசித்தோம்

செவ்வாய்க்கிழமை காலை ஆரப்பாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என்னோடு வாசிக்கும் முத்தையாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அக்கா போயிருச்சு" என்றார். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி சும்மா நின்றோம். பேருந்துகளின் ஹாரன் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு அழுகை வந்திருக்கும். அதற்குள் என் போனுக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. கனகம் அக்காவின் முகம், சுற்றிலும் பூ வளையம், கீழே 'எங்கள் மண்டபத்தின் இசைக்குயில்' என்று தங்க எழுத்து. அனுப்பியது பசுமலைக்குப் போகும் வழியில் இருக்கும், சபைக்குச் சொந்தமான மண்டபத்தின் கமிட்டி. ஆறு வருடங்களுக்கு முன்பு எந்த வாசலை அவருக்குப் பூட்டினார்களோ அதே மண்டபம்தான். படத்தை உற்றுப் பார்த்தேன். நான் எடுத்த படம்தான் அது. அதில் அவர் ட்ரம்பெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். செத்த பிறகும் அந்தக் கருவி அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லில்லி கனகமணி ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி விடுதியில் முன்னொரு காலத்தில் தங்கியிருந்த வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுப் போயிருந்தார். அறையைக் காலி செய்தபோது அதைக் குப்பையில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டார். எல்லாம் பழைய ஜாஸ். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் கறுப்பின மக்கள் வாசித்த இசை. அப்போது அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கும் பேண்டுக்காரர் ஒருவரிடமிருந்து ட்ரம்பெட் வாங்கி ஊதிப் பழகினார். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று தெருவே கேட்டது. அவர் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

எங்கள் ஜாஸ் கிளப் அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை மாலை நான்கு மணி, அந்த மண்டபத்தின் பின்பக்க அறை. அக்கா ட்ரம்பெட், நான் கிளாரினெட், மீரான் டிரம்ஸ். முத்தையா ட்ராம்போன். அவர் பட்டாளத்து பேண்டில் வாசித்துவிட்டு அலங்காநல்லூருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கிறவர். கேட்க இருபது முப்பது பேர் வருவார்கள். வாத்தியார்கள், நர்சுகள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள். மதுரையில் இப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருடம் இருந்தது.

ஒருநாள் ஒருவர் எழுந்து, "ஒரு சினிமாப் பாட்டு வாசிச்சா எல்லாரும் ரசிப்போம்ல?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அக்கா ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு ஊரு பூரா ஆளு இருக்குங்க. இதுக்கு நாங்க நாலு பேருதான்" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை மனைவியையும் கூட்டி வந்தார்.

இந்த இசையில் மூன்று ஊதுகருவிகளும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பாடும். எனக்கு அது வரவே இல்லை. மற்ற இருவரும் முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். அக்கா வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "செல்வின், இது கமிட்டி மீட்டிங் இல்ல, அனுமதி வாங்கிப் பேச. நீயும் பேசு, எங்க பேச்சையும் கேளு. ரெண்டையும் ஒண்ணாச் செய்யி." முத்தையா விழுந்து விழுந்து சிரித்தார். கமிட்டி செயலாளர் அன்று அறை வாசலில்தான் நின்றிருந்தார்.

மண்டபத்தின் வாட்ச்மேன் தங்கராசு ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பார். நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்தில் பேண்ட் எப்படி வாசிக்கும் என்று அக்கா ஒருமுறை சொன்னதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, அழுகிறாற்போல வாசிப்பார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது வேகமாக, போனவருடைய வாழ்க்கையைக் கொண்டாடி வாசிப்பார்கள். தங்கராசு இறந்தபோது அவர் மகள் பாக்கியம் வந்து, "எங்கப்பாவுக்கு நீங்க அப்படி வாசிக்கணுமாம். சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள்.

வாசித்தோம். போகும்போது, சபையில் பாடும் ஒரு ஞானப்பாட்டை அக்கா எவ்வளவு மெதுவாக எடுத்தார் என்றால், பெட்டியைச் சுமந்தவர்களின் நடையே மாறிப்போனது. திரும்பும்போது அவர் ட்ரம்பெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கினார். பாக்கியம் அழுதாள், அழுதுகொண்டே கைதட்டினாள், கடைசியில் சிரித்துக்கொண்டு நடந்தாள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். என் வாழ்நாளில் நான் வாசித்ததற்கு ஓர் அர்த்தம் இருந்த நாள் அதுதான்.

யாரோ அதைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கமிட்டி எங்களைக் கூப்பிட்டது. சாராயக்கடை இசையைக் கல்லறை வரைக்கும் கொண்டுபோனதாகக் குற்றச்சாட்டு. செயலாளர் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார். நடந்ததற்கு வருந்துகிறோம், இனி பக்திப் பாடல்களை மட்டுமே வாசிப்போம் என்று அதில் இருந்தது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால் அறை உண்டு.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இதுல யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறோம்?" என்றார்.

"சபையார்கிட்டதாம்மா" என்றார் செயலாளர்.

"செத்தது தங்கராசு. அவரு மக வந்து தப்புன்னு சொல்லட்டும், அவ கால்ல விழுறேன். உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். முத்தையா, "அக்கா இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை" என்று பின்னாலேயே போனார். மீரான் என்னைப் பார்த்தார். நான் அந்த நிர்வாகத்தின் பள்ளியில் ஆசிரியர். பென்ஷனுக்கு நான்கு வருடம் இருந்தது. என் பேனாவைத் திறந்து நான் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதால் மீரானும் போட்டார்.

கமிட்டியைத் திட்டி இவ்வளவு எழுதியவன் இதையும் எழுத வேண்டும். அவரைப் பூட்டி வெளியே நிறுத்திய கதவில் என் கையும் இருந்தது.

நானும் மீரானும் இரண்டு சனிக்கிழமை அந்த அறையில் பக்திப் பாடல் வாசித்தோம். கேட்க ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வாரம் பஸ் பிடித்து அலங்காநல்லூருக்குப் போனோம். முத்தையாவின் தென்னந்தோப்பில், பம்புசெட் அறைக்குப் பக்கத்தில் அவரும் அக்காவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன். "வெயில்ல நிக்காத, இப்படி வா" என்று நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். கையெழுத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். அந்த மன்னிப்பை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

ஆறு வருடம் கிளப் அந்தத் தோப்பில் நடந்தது. மண்டபத்தில் முப்பது பேர் கேட்ட இசையை அங்கே எட்டுப் பேர் கேட்டார்கள். வயதானவர்கள் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. அவர்களுக்காகவே அக்கா இரண்டு முறை கமிட்டிக்கு எழுதினார், மாதத்தில் ஒருநாளாவது அறையைத் தாருங்கள் என்று. பதிலே வரவில்லை. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடைசி மாதம் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஊதுகிறவருக்கு அந்த நோய். ஒரு மாலை நாங்கள் மூவரும் அவருடைய தம்பி டேனியலும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தோம். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "போறப்ப மெதுவா. திரும்புறப்ப வேகமா. யாரும் மைக் பிடிச்சுப் பேச வேண்டாம். டேனி, கேட்டியா?" டேனியல் தலையாட்டினார். நாங்கள் மூவரும் பார்த்தோம்.

புதன்கிழமை கருவிகளோடு போனோம். வீட்டு வாசலில் செயலாளர் நின்றிருந்தார், ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டு. டேனியல் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "சார், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு வாசிக்க வேண்டாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்கு."

"அவங்க சொன்னப்ப தலையாட்டுனீங்களே" என்றேன்.

"சாகப்போறவங்ககிட்ட வேற என்ன சார் சொல்றது?"

முத்தையா முன்னால் வந்தார். "எங்க ஊர்ல கொட்டு இல்லாம பொணத்தைத் தூக்குனா சண்டைக்கு வருவாய்ங்க. நீங்க கொட்டு வந்ததுக்குச் சண்டைக்கு வாரீங்க. அந்தப் பொம்பள வேற என்ன கேட்டுச்சு உங்ககிட்ட? சொத்தா கேட்டுச்சு?" என்றார். சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு சத்தமும் இல்லாமல், செருப்புகள் தேயும் ஓசையோடு, கனகம் அக்கா போனார்.

கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்து வெகுநேரம் பேசினார். இசைக்குயில் என்றார். மண்டபத்தின் பெருமை என்றார். கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கடைசி வரிசையில் நின்றேன். இரண்டாவது முறையாக வாய்மூடி நின்றேன்.

மண் போட்டு முடித்து எல்லோரும் வெளியே வந்தபோது பாக்கியம் என் எதிரில் வந்து நின்றாள். "எங்கப்பாவுக்கு வாசிச்சீங்க. அக்காவுக்கு எதுக்குச் சார் பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் காது அடைத்தது.

சாலையோரத்திலேயே குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். கருவியைப் பூட்டினேன். முத்தையா ஏற்கெனவே ட்ராம்போனை எடுத்துவிட்டிருந்தார். மீரான் சிறிய டிரம்மைக் கழுத்தில் மாட்டினார். திரும்பும்போது வாசிக்க வேண்டியதை வாசித்தோம், வேகமாக. ட்ரம்பெட்டின் இடத்தை நாங்கள் யாரும் நிரப்பவில்லை. அது வரவேண்டிய இடங்களில் டிரம்மின் அடி மட்டும் கேட்டது. செயலாளர் வேகமாக வந்து, "ரோட்டுல என்ன இது, நிறுத்துங்க" என்றார். மீரான் அடிப்பதை விடாமல், "ரோடு கவர்மெண்டுது சார்" என்றார். பாக்கியம் எங்களுக்கு முன்னால் நடந்தாள். தோப்புக்கு வருகிற எட்டுப் பேரில் ஐந்து பேர் பின்னால் நடந்தார்கள். டேனியல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா எங்களிடம் கேட்ட வாசிப்பு இரண்டு. திரும்பும்போது வேகமாக என்பது மட்டும்தான் கிடைத்தது. மெதுவாக வாசித்து அவரை அனுப்பிவைக்கும் வாய்ப்பைப் பறித்துக்கொண்டார்கள். அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. வரும் ஞாயிறு நினைவுக் கூட்டத்துக்கு என்னை இரண்டு நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். போக மாட்டேன். என் பேச்சு இதுதான்.

அவருடைய பொருட்களில் எனக்கு வந்தது ஒரு கோப்பு. நாங்கள் வாசித்த பாடல்களுக்கு அவர் கைப்பட எழுதிய ட்ரம்பெட் தாள்கள். நேற்று புரட்டிக்கொண்டிருந்தேன். சாலையில் நாங்கள் வாசித்த பாட்டின் தாளில், கிளாரினெட் தனியாக மேலே ஏறும் இடத்தில், பென்சிலால் எழுதியிருந்தார்: 'செல்வின் இங்க பயப்படுவான். நானும் கூட ஊதணும்.'

அந்த ஏற்றத்தை இத்தனை வருடமும் நான் தனியாக வாசிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். முத்தையாவுக்குப் போன் செய்து, அன்றைக்குச் சாலையில் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்தேனா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "குறைச்சீங்கண்ணே" என்றார்.

அந்தத் தாளை என் மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அந்த ஏற்றத்தின் நான்கு வரியையும், ஜன்னலைத் திறந்துவைத்து, முழுச் சத்தத்தில் ஊதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதித் தரப்போவதாகச் சொல்கிறார். எழுதட்டும்.