மேல்மாடிக் காய்ச்சல்

இஸ்திரிக்காரிக்கு வயிறு எரிந்தது. மேல்மாடியில் இருக்கும் ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். இவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

கொரோனாவுக்குப் புது பூஸ்டர் ஊசி வந்திருக்கிறது, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, ஆள் தேவை என்று முதலில் கேள்விப்பட்டவள் இவள்தான். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவளாயிற்றே! முதலில் பெயர் கொடுத்ததும் இவள்தான். “நானும் வரேங்க்கா” என்று ஓரகத்தி பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டாள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கே தெரியாது என்றார்கள்.

ஓரகத்திக்குக் காய்ச்சல் என்றதுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து அவளுக்கு, உப்புத் தண்ணீர் தனக்கு. இந்த வீட்டில் எது அப்படிப் பிரியவில்லை? காற்று வருகிற மாடி அவளுக்கு, இஸ்திரிப் பெட்டிச் சூடு அடிக்கிற கீழ்வீடு இவளுக்கு. இப்போது மாமியார் முட்டிவலியை மறந்து வெந்நீரோடு படியேறுகிறார். இவள் புருஷனே, “பாவம், தம்பி பொண்டாட்டி துவண்டு போச்சு” என்கிறான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போனைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊசி போட்டதிலிருந்து தினமும் சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டு, “எப்படி இருக்கீங்க? கை வலிக்குதா? சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். இவளை அப்படிக் கேட்க வேறு நாதி கிடையாது. ஓரகத்திக்குக் காய்ச்சல் என்றதும் அந்தக் குரல் மேலே போய்க் குழைந்தது. இவளிடம், “நல்லா இருக்கீங்கல்ல? சரி, வெச்சிடறேன்” என்றது.

மறுநாள் போன் அடித்ததும், அப்போதுதான் தேய்த்து மடித்த தலையணை உறைக்குள், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தெர்மாமீட்டரைச் செருகினாள் இவள்.

“காய்ச்சலும்மா...” என்று முனகினாள்.

“எவ்வளவு காட்டுது?”

ஓரகத்திக்கு நூற்றியொன்று. அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். எடுத்துப் பார்த்துப் பெருமையாகவே படித்தாள். “நூத்தியாறு.”

“நூத்தியாறா! படுங்க, எந்திரிக்காதீங்க. ஆம்புலன்ஸ் வருது!”

தெருவே வேடிக்கை பார்க்க வண்டி வந்து நின்றது. ஓரகத்தி தன் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து இவள் நெற்றியில் கை வைத்தாள். “ஜில்லுனு இருக்கேக்கா!” ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் இவள் எழுந்து உட்கார்ந்தாள். “பெட்டிச் சூடுதாங்க அது” என்று ஒப்புக்கொண்டாள்.

பொய்ச் சூடு சோதனையையே கெடுத்துவிடும் என்று இவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொல்கிற தேதியில் வந்து டாக்டரைப் பார்த்தால் போதுமாம். இனிமேல் போன் வராது.

அடுத்த சாயங்காலம் மேலே போன் அடித்தது. இவள் கை பெட்டியோடு நின்றது.

“அக்கா!” படியிலிருந்து ஓரகத்தி கூப்பிட்டாள். “நர்ஸம்மா உங்களத்தான் கேக்கறாங்க, எப்படி இருக்கீங்கன்னு. என்ன சொல்லட்டும்?”

ஒரு கணம் இவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் உறைத்தது. தன்னைப் பற்றிய அந்த ஒரு விசாரிப்பும் மேல்மாடிக்குத்தான் போயிருக்கிறது.

“உயிரோட இருக்கேன்னு சொல்லு!” என்று கத்திவிட்டு, யாரோ ஒரு டாக்டரின் கோட்டின்மேல் பெட்டியை ஓங்கி அழுத்தினாள்.