மூன்று நிமிஷ டிரங்க் கால்

சென்ற வாரம் மாலதி அமெரிக்காவிலிருந்து பேசினாள். என்னிடம் படித்த ஒருத்தியின் மகள். அங்கே மேற்படிப்பு, கூடவே நூலகத்தில் பகுதிநேர வேலை. "காலைல கிளாஸ், சாயங்காலம் வேலை. நடுவுல சாப்பிடறேனா தூங்கறேனான்னே தெரியல ஆன்ட்டி" என்று புலம்பினாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். "லைன் தெளிவா இருக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

அது என் தொழில் புத்தி. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்த கதை உங்களுக்குத் தெரியாதே? பிற்காலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த கண்ணாடிக்காரியைத்தானே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்!

நான் பிறந்தது பினாங்கில். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அம்மா என் சிறு வயதிலேயே போய்விட்டாள். "நம்ம நாட்டுல போய்ப் படி" என்று அப்பா கப்பலேற்றி அனுப்பினார். நம்ம நாட்டுக்கு வந்து இறங்கினால், எல்லாரும் என்னை "பினாங்குப் பொண்ணு" என்றார்கள். என் தமிழில் பாதி மலாய் கலந்திருந்தது. பெரிய கடைவீதியில் போய் "லீமாவ் இருக்கா?" என்று கேட்டு, கடைக்காரர் விழிக்க, கடைசியில் கை காட்டி எலுமிச்சம்பழம் வாங்கியவள் நான். வெளிநாட்டில் இருப்பது எப்படியென்று திருச்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

பி.ஏ. முடித்து எம்.ஏ. வகுப்பில் சேர்ந்த வருஷம் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அப்பாவின் கடிதமும் நின்றது, மணியார்டரும் நின்றது. விடுதியில் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? எனக்கு ஆங்கிலம் தடையில்லாமல் வருமென்று யாரோ சொல்லி, எக்ஸ்சேஞ்சில் காலை ஆறிலிருந்து பத்து வரை வேலை கிடைத்தது. பத்தரைக்கு வகுப்பு.

காதில் மாட்டும் கருவிக்கு ஒரு வாசனை உண்டு. சூடான ரப்பர், முந்தைய ஷிப்ட்காரியின் தேங்காயெண்ணெய், மேற்பார்வைக்காரி மிஸஸ் பெரெய்ரா தெளித்துக்கொண்டு வரும் ஓடிகோலன், எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. இன்றைக்கும் ஓடிகோலன் பாட்டிலைத் திறந்தால் என் வாய், "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லத் துடிக்கும். ஒருமுறை வகுப்பில் பேராசிரியர் என் பெயரைக் கூப்பிட, அரைத்தூக்கத்தில் நான் சொன்னதும் அதுதான். மடியில் பழைய ஆங்கில இலக்கண நூல், கையில் இணைப்புக் கம்பி. இப்படித்தான் என் எம்.ஏ.

ஊரில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முகம் தெரியாது, குரல் தெரியும். ஸ்ரீரங்கத்து டாக்டர் ஒருவர் காலையில் கூப்பிட்டு, "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறேன். யாராவது தேடினா அரைமணி பொறுத்துக்கச் சொல்லுங்கோ" என்பார். ஊர் நோயாளிகளை நான் பெருமாள் சேவை முடியும்வரை பொறுக்க வைத்திருக்கிறேன். பதினாலாம் நம்பர், தோல்மண்டி ராவுத்தர். நம்பர் கேட்பதற்கு முன் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்கும் ஒரே ஆள்.

அவருடைய அக்கா மகனும் பினாங்கில் இருந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த கடைசிக் கப்பல்களில் ஒன்றில் அவன் சென்னை வந்து சேர்ந்துவிட்டான் என்று தந்தி வர, ராவுத்தர் உடனே சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். அதற்குள் என்னை வெளியூர் இணைப்புகளுக்கான டிரங்க் பலகைக்கு மாற்றியிருந்தார்கள்; இணைப்பைக் கொடுத்தவள் நான். டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம். நேரம் சொல்வதற்காக ஆபரேட்டர் இடையில் காது கொடுக்கலாம், வாய் கொடுக்கக்கூடாது. யுத்தகாலத்தில் அது கடுமையான விதி.

"மாமு, சூலியா தெருவே எரிஞ்சு போச்சு மாமு" என்று அந்தப் பையன் அழுதான்.

சூலியா தெருவுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.

மூன்று நிமிஷம் ஆயிற்று. பலகையில் விளக்கு கண் சிமிட்டியது. பொன்மலை ரயில்வே அதிகாரி ஒருவர் அதே லைனுக்காகக் காத்திருந்தார். நான் "டைம் அப்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, சூலியா தெரு பின்னாடி அருளப்பன் வாத்தியார்னு ஒருத்தர். பாத்தீங்களா?"

மாமுவும் மருமகனும் திகைத்துப்போயிருக்க வேண்டும்.

"யாரும்மா அது, நம்ம எக்ஸ்சேஞ்சா?" என்றார் ராவுத்தர்.

"எங்க அப்பாங்க" என்றேன்.

"டேய், சொல்லுடா! பாத்தியா?"

"குடை வச்சிருப்பாரே, அந்த சாரா? குண்டு விழுந்த மறுநாள் பாத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆயர் ஈத்தாம் மலைப்பக்கம் நடந்து போனாரு. அதுக்கப்புறம் தெரியலக்கா."

இணைப்பைத் துண்டித்தபோது ஆறு நிமிஷம் தாண்டியிருந்தது. ரயில்வே அதிகாரியின் புகார் பத்து மணிக்குள் வந்துவிட்டது. மிஸஸ் பெரெய்ரா என் தோளைத் தொட்டு, "மேலே கூப்பிடறாங்க சைல்ட்" என்றாள். வேலை போனால் விடுதி போகும். விடுதி போனால் படிப்பு போகும். அதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. மனசோ, அப்பா குடையோடு நடக்கிறார், குடையோடு நடக்கிறார் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மேலே விளக்கம் கேட்டார்கள். மறுநாள் விசாரணை. எப்படித் தெரிந்துகொண்டாரோ, ராவுத்தர் வந்துவிட்டார். குரலை வைத்து ஆஜானுபாகுவான ஆளாக நினைத்திருந்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட குள்ளமான மனிதர்.

"பையன் பேச்சு எனக்கு வெளங்கலைங்க. கேட்டுச் சொல்லும்மான்னு நாந்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஆயிட்ட நேரத்துக்கு என்னைக் கேளுங்க" என்றார் எக்ஸ்சேஞ்ச் அதிகாரியிடம்.

நான் தலை குனிந்து நின்றேன். எனக்காக ஒருவர் பொய் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது புகாரைவிடக் கூச்சமாக இருந்தது. அதிகாரி அவரையும் நம்பவில்லை, என்னையும் விரட்டவில்லை. டிரங்க் பலகையிலிருந்து பழையபடி உள்ளூர்ப் பலகைக்கு மாற்றினார். அது தண்டனையாம்! பேச்சுத்துணைக்கு ஊரே இருந்த பலகை அது.

வெளியே வந்ததும் ராவுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா? குரலைக் கேட்டு நாப்பது வயசு இருக்கும்னுல்ல நெனச்சேன்!"

அதற்குப் பிறகு தினமும் காலையில் பதினாலு கூப்பிடும். "நம்பர் ஒண்ணும் வேணாம்மா. அத்தாகிட்டேருந்து தகவல் உண்டா?" அப்பாவிடமிருந்து எதுவும் இல்லை என்பேன். "வரும். இன்ஷா அல்லா" என்று வைத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் நான் வகுப்புக்கு ஓடுவேன். எம்.ஏ.யில் தேறினேன். எந்த வகுப்பில் என்று கேட்காதீர்கள்.

யுத்தம் முடிந்தபின் அப்பாவின் கடிதம் வந்தது. மலையடிவாரத்தில் பிள்ளைகளோடு மரவள்ளி பயிரிட்டு, அதையே தின்று, பாடமும் நடத்திக்கொண்டிருந்தாராம். அப்போது நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அலுவலக அறைக்கு ஓடிப்போய் பதினாலாம் நம்பர் கேட்டேன்.

"எங்க அப்பா இருக்காருங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர் ரிசீவரை வைக்க மறந்துவிட்டார். "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா!" என்று மண்டியைப் பார்த்துக் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிற்பாடு ஆபரேட்டர் இல்லாமலே இணைக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாலாம் நம்பர் போய் நீளமான நம்பர் ஒன்று வந்தது. ராவுத்தருக்குக் கடைசிவரை அது மனப்பாடம் ஆகவில்லை என்று அவருடைய மருமகன் சொன்னான். ரிசீவரை எடுத்து, டயலைச் சுழற்றாமல், "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்பாராம். கொர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்குமாம்.