சத்தம் வராத டிரைவ்

மகள் விளையாடக் கேட்டாள் என்று அண்ணனின் பழைய கேம் கன்சோலைப் பழுது பார்க்கக் காரைக்குடிக்கு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரம்மா அதைப் பிரித்து ஹார்ட் டிரைவுக்குக் கரண்ட் கொடுத்தார். நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல உள்ளே டக், டக் என்றது.

"இது போயிருச்சுண்ணே. பழைய மாதிரி சுத்துற டிரைவே போடவா? சுத்தாத எஸ்எஸ்டி போட்டீகன்னா சத்தமே வராது."

இதே சத்தத்தை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அண்ணன் இறந்தபின் அவனுக்கு வைத்த முதல் படையல் அது. நான் சின்னப் பையன். அவன் அறையில் இலை போட்டு, வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் வைத்து, அவன் சட்டைக்குப் பக்கத்தில் அம்மா இந்தக் கன்சோலையும் வைத்தாள். அதன் கரண்ட் ஒயரை அப்பா கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தி, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வெளியே வளவு முற்றத்தில் காத்திருந்தோம்.

உள்ளே டக், டக் என்றது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா படையல் வழக்கப்படி கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். பணியாரம் ஆறிக் கிடந்தது. கன்சோலைத் தொட்டேன், சுட்டது.

"சத்தம் வராததே போடுங்க," என்றேன் கடைக்காரம்மாவிடம்.

வீட்டுக்கு வந்து, புது டிரைவ் போட்ட கன்சோலை அண்ணன் அறையில் வைத்துவிட்டு, ஒயர் எடுக்க வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே டக், டக் என்றது.

கதவில் கை வைத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"தட்டிட்டுத் தொறப்பா. அவன் வெளையாடிக்கிட்டு இருக்கான்."