கடதாசியில் சொரூபம் வடித்த எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் பலருக்கு அம்மாவை முதியோர் இல்லத்தில் வேலை செய்தவராகத் தெரியும். இன்னும் சிலருக்கு, திருப்பலி முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டே வீடு போகிறவராகத் தெரியும். அவர் இறைவனிடம் சென்று ஓராண்டாகும் இந்நாளில், மகளாகிய நான் எழுத விரும்புவது அவருடைய மற்றத் தொழிலைப் பற்றி. இத்தாலியின் தென்கோடியில் லெச்சே என்றொரு நகரம் உண்டு. அங்கே புனிதர்களின் சொரூபங்களைக் கடதாசியால் செய்கிறார்கள். அந்த வேலையை அம்மா அங்கே பழகி, இங்கே நியூசிலாந்தின் ஒக்லாந்தில் செய்தார்.

அம்மா மன்னார்த் தீவில், பேசாலையில், மீன்பிடிக் குடும்பமொன்றில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். நாட்டில் சண்டை தொடங்கியதும் குடும்பம் சிதறியது. படிப்பு பாதியில் நின்றது. திருமணம் முடிந்தபின், லெச்சேயில் உணவகமொன்றில் சமையல் வேலை பார்த்த அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார். மொழி தெரியாது. கிடைத்தது சிஞ்ஞோரா அசுந்தா என்பவரின் சொரூபப் பட்டறையைக் கூட்டித் துடைக்கும் வேலை. அசுந்தா அம்மாவைவிட இளையவர். தகப்பனுக்குப் பிறகு பட்டறையைப் பொறுப்பேற்று, சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் சொரூபம் செய்து கொடுத்துவந்தார்.

ஒரு திருவிழாக் காலத்தில் அசுந்தாவின் வேலையாள் வேறிடம் போய்விட்டார். பசை காய்ச்ச ஆளில்லாமல் அம்மாவைக் கேட்டிருக்கிறார். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது துருசு, அதாவது மயில்துத்தம், சேர்ப்பார்கள். கம்பியும் வைக்கோலும் கட்டி உடலை உருவாக்கி, பசையில் ஊறிய கடதாசியை அதன்மேல் படைபடையாக ஒட்டுவார்கள். காய்ந்ததும், கரண்டி போன்ற இரும்புகளைச் சூடாக்கி, அங்கியின் மடிப்புகளைச் சுட்டு இறுக்குவார்கள். பிறகு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நிறம். பசையில் தொடங்கிய அம்மா, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது விரல்கள் செய்துகொண்டிருந்தார். நான் வளர்ந்த பெண்ணானபோது முகங்கள் செய்தார். அசுந்தாவோடு சண்டையும் பிடிப்பார். மடிப்பு கூடிப்போயிற்று என்பார் அம்மா. காணாது என்பார் அசுந்தா. மத்தியானம் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள்.

ஒக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த பெரியப்பா அப்பாவுக்கு வேலையும் விசாவும் ஒழுங்கு செய்தபோது, இரும்புகளும் தன்னோடு வரவேண்டும் என்பதே அம்மாவின் ஒரே நிபந்தனை. ஒக்லாந்து விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்து, இவை என்ன என்று கேட்டார். "என்ர தொழில் சாமான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கவில்லை என்று கண்டு விட்டுவிட்டார். மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய மரவீடு. அங்கே நெருப்பும் இரும்பும் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஹில்ஸ்பரோவில் சொந்த வீடு வாங்கியதும் அம்மா கராஜை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவின் கார் தெருவில்தான் நிற்கிறது.

நம் தமிழ்த் திருப்பலிக் குழு ஆவணித் திருவிழாவுக்கு மாதா சொரூபம் ஒன்று எடுப்பது பற்றிக் கூடிக் கதைத்தது பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து ஃபைபர் சொரூபம் இறக்குவதாகத்தான் இருந்தது. அம்மா எழுந்து, தானே செய்து தருவதாகச் சொன்னார். குழுத் தலைவர் அன்ரன் மாமா தயங்கினார்.

"கடதாசியில மாதாவோ தங்கச்சி? இஞ்ச மழை எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"லெச்சேயிலயும் மழை பெய்யிறதுதான் அண்ணை. நான் செய்து தாறன், பாருங்கோ. பிடிக்காட்டி ஃபைபரையே வாங்குங்கோ."

ஒரு வருட அவகாசம் கிடைத்தது.

அந்தக் குளிர்காலமே அம்மா தொடங்கினார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்ததும் கராஜுக்குள் போய்விடுவார். உடலும் அங்கியும் முடிந்திருந்த வேளையில் ஒரு காலை கராஜைத் திறந்தபோது பூஞ்சண வாடை அடித்தது. அம்மா கத்தியால் அங்கியைக் கீறிப் பார்த்தார். உள்ளே கறுத்துப்போய் இருந்தது. ஒக்லாந்துக் குளிரின் ஈரம் அது. அப்பா மெதுவாக, "விட்டிடுமப்பா, அவை இந்தியாவில இருந்தே எடுக்கட்டும்" என்றார். மறுநாள் அம்மா அசுந்தாவுக்கு போன் எடுத்தார். தானும் ஒரு மாரியில் இப்படி ஒரு சொரூபத்தை எறிந்ததாக அசுந்தா சிரித்துக்கொண்டே சொன்னாராம். படையை மெல்லிசாக ஒட்டு, ஒவ்வொன்றும் காயும்வரை பொறு என்றாராம்.

"பிழைச்சது கடதாசி இல்லை, என்ர அவசரம்" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்த உடலை வெட்டிக் குப்பையில் போட்டார். கோடை வரும்வரை இரும்புகளைத் தொடவில்லை. இங்கே கோடை தொடங்கும் மார்கழியில் மறுபடி ஆரம்பித்தார். இங்கே வெயில் வடக்கிலிருந்துதானே வரும்; வீட்டின் வடக்குச் சுவரோடு நிறுத்தி, நாளெல்லாம் திருப்பித் திருப்பிக் காயவைத்தார்.

முடிந்த சொரூபத்தைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோன அன்று, முகத்தைப் பார்க்க எல்லாரும் கிட்ட வந்து கூடினார்கள். அப்போதுதான் அம்மா தன் மனதிலிருந்ததைச் சொன்னார். பேசாலையில் மாதாவை ஆண்களே தோளில் சுமப்பார்கள், பாரம் அப்படி. இந்த மாதாவைப் பெண்கள் சுமக்கவேண்டும். அன்ரன் மாமா வழக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அம்மா சொரூபத்தைத் தனியே இரு கைகளாலும் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ அண்ணை."

மாமா தூக்கினார். சிறிது நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "சரி, பெண்டுகள் தூக்கட்டும்" என்றார்.

திருவிழாவன்று சுற்றுப்பிரகார ஊர்வலம் பாதி வழி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் மண்டபத்துக்கு ஓடப் பார்த்தோம். அம்மா பக்கத்தில் வந்து, "ஓடாதேங்கோ. நனைஞ்சா ஒண்டும் ஆகாது, விழுந்தாத்தான் உடையும்" என்றார். அதே நடையில் பாட்டோடு போனோம். அன்ரன் மாமா தன் குடையை மாதாவுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி வந்தார். மண்டபத்தில் அம்மா துவாயால் ஒற்றித் துடைத்துப் பார்த்தார். அங்கியின் கரையில் ஓரிடத்தில் மட்டும் நிறம் பொங்கியிருந்தது. அதை எல்லாருக்கும் காட்டினார். அடுத்த கிழமை திருத்தினார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கராஜ் நிறைந்தது. பிளாட் புஷ்ஷிலிருந்து மீனாட்சி அக்கா உடைந்த கொலு பொம்மையோடு வந்தார். "எங்க ஊர்லயும் காகிதக்கூழ் பொம்மை செய்வாங்க அக்கா. இந்த ராஜாவுக்குத் தலை மட்டும் செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார். அம்மா முடியாது என்றார். வந்திருந்து நீங்களே செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். இப்போது மீனாட்சி அக்கா ஒரு முழுக் கொலுப் படிக்குப் பொம்மைகள் செய்துவிட்டார். மன்னார்ப் பெண்கள் சிலர் வெளியூர்க் கோயில்களுக்குச் சொரூபம் செய்கிறார்கள்.

தனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் நேராகக் கேட்கும்படி அம்மா எங்களிடம் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப தொடங்கின சூசையப்பர் சொரூபத்தை நான் முடிக்க ஏலாது. கையள் ரெண்டையும் செய்து தாறன், மற்றதை நீங்கள் பாருங்கோ" என்றார். படுக்கையில் சாய்ந்திருந்து அந்தக் கைகளை முடித்தார். சனிக்கிழமைப் பெண்கள் முகத்தைச் செய்து படமெடுத்து அனுப்பினார்கள். மூக்குக் கொஞ்சம் பெரிசு என்றார். அதற்குப் பிறகு நல்லாயிருக்கு என்றார். சில நாட்களில், நாங்கள் எல்லோரும் சூழ்ந்திருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

நோயில் அம்மாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், செபித்த அருட்தந்தையர்க்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும் அயலவருக்கும், அம்மாவின் சவப்பெட்டியைச் சுமந்த பெண்களுக்கும், முன்னின்று எல்லாம் நடத்திய அன்ரன் மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்லவேண்டும். லெச்சேயில் ஒருவர் இறந்தால், நம் ஊரைப் போலவே, அறிவித்தல் அச்சிட்டுத் தெருச் சுவரில் ஒட்டுவார்கள். அம்மாவுக்கும் அப்படி ஒன்றைத் தன் பட்டறைத் தெருவில் ஒட்டிப் படம் அனுப்பினார் அசுந்தா. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வழக்கமாக எழுதும் இடத்தில், பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது. அப்பா அதை இத்தாலிய மொழியில் வாசித்தார். பிறகு, பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று, தமிழில் சொன்னார்: கடதாசிச் சொரூபக் கலைஞர்.

அந்தச் சொல்லுக்காக, சிஞ்ஞோரா அசுந்தாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

மகள்
ஹில்ஸ்பரோ, ஒக்லாந்து