ஊரைத் தின்ற ஆடு

போன ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் ஓர் ஆடு ஒரு கிராமத்தையே தின்றுவிட்டது.

வயல், தெரு, குடிநீர் நிலையம்... எதையும் விட்டுவைக்கவில்லை. அதில் விசேஷம் என்னவென்றால், அந்தக் கிராமத்துக்குக் காவல் நான்தான்!

பதறாதீர்கள். உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

என் கல்லூரித் தோழன் செல்வம், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தொண்டு நிறுவனம் நடத்துகிறான். தையல் வகுப்பு, மாலை டியூஷன், மகளிர் குழு என்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் எதையாவது செய்துகொண்டே இருப்பான். "நானும் சமூகத்துக்கு ஏதாவது செய்யணும்டா" என்று அவனிடம் ரொம்ப காலமாகச் சொல்லிவந்தேன். சொன்னதோடு நிறுத்திக்கொள்பவன் என்று என்னை நம்பித்தான் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வா. ஊர் மேப் போடறோம்" என்றான்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி அந்த ஊருக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தருகிறது. ஒன்றே ஒன்று. எங்கே கட்டுவது? இன்ஜினியர் சொல்லக் கூடாது, அதிகாரி சொல்லக் கூடாது. ஊர்தான் சொல்ல வேண்டும் என்பது செல்வத்தின் கட்சி. அதற்காகப் பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் தரையில் ஊரைப் படமாகப் போடச் சொல்வான். தெருவுக்குக் கோலமாவு. வீட்டுக்குச் செங்கல் துண்டு. வயலுக்கு வேப்பிலை. பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மஞ்சள் உருண்டை. குடிநீர் நிலையத்துக்கு, பளிச்சென்று ஒரு தக்காளி. தக்காளி உட்காருகிற இடத்தில் கட்டடம் எழும்பும்.

ஒரே ஒரு விதி. வெளியூர்க்காரன் படத்தில் கை வைக்கக் கூடாது.

"கோடு கோணலா இருந்தாலும் அது அவங்க கோடு. நீ சும்மா வேடிக்கை பாரு."

சும்மா வேடிக்கை பார்ப்பது! என்ன பொருத்தமான ஆளைப் பிடித்திருக்கிறான் பாருங்கள்.

பெண்கள் குனிந்து மளமளவென்று ஊரை வரைந்தார்கள். ஒரு முனையில் மேலத் தெரு, கோயில், நெல் வயல்காரர்களின் வீடுகள். மறு முனையில் காலனி. ஒரு காலத்தில் அந்த வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். இப்போது பாதிப் பேர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

தக்காளி வைக்கும் நேரம் வந்தது. மேலத் தெருப் பெரியவர் நாகரத்தினம் கூடையிலிருந்து அதை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. கோயில் பக்கத்தில் வைத்தார்.

"இதான் எல்லாருக்கும் சவுரியம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். காலனியிலிருந்து வந்திருந்த எஸ்தர் மட்டும் ஆட்டவில்லை. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்ப்பவர். அந்தத் தக்காளிக்கும் தன் தெருவுக்கும் நடுவில் எவ்வளவு கோலமாவு கிடக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். அத்தனை தூரமும் குடத்தோடு நடக்கப்போவது அவர்தானே? ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். எஸ்தர் வாயை மூடிக்கொண்டார்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று செல்வம் கேட்டுப் பார்த்தான்.

ம்ஹூம். செல்வத்தின் முகம் தொங்கிவிட்டது. ஊர் சொல்லட்டும் என்று அவன் காத்திருக்க, ஊர் என்றால் நான்தான் என்று ஒருவர் சொல்லிவிட்டார்!

கம்பெனி அதிகாரி வருவதற்குள் நாஷ்டாவை முடித்துவிடலாம் என்று எல்லோரும் ஆபீஸ் பின்பக்கம் போனார்கள். "மேப்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் செல்வமும் பொங்கலைத் தேடிப் போனான்.

பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம். பிறகு போன் அதிர்ந்தது. போன வாரம் பத்திரிகையில் நான் எழுதிய பத்தியைப் படித்த வாசகர் ஒருவர் நீளமாகத் திட்டி அனுப்பியிருந்தார். பாராட்டு என்றால் ஒரு வரியில் பார்த்துவிட்டு மூடிவிடலாம். திட்டை அப்படி விட முடியுமா? லயித்துப் படித்தேன்.

கறுக்... முறுக்...

நிமிர்ந்தால், ஒரு கறுப்பு வெள்ளாடு மேலத் தெரு வயல்களை அறுவடை செய்துகொண்டிருக்கிறது!

"ஹேய்! ச்சூ!" என்று பாய்ந்தேன். அது தெருத் தெருவாக ஓடியது. கோலமாவுத் தெருக்களைத்தான் சொல்கிறேன். பின்னாலேயே நானும் ஓடினேன். அது நாலு காலால் அழித்தது போக மிச்சத்தை நான் ரெண்டு காலால் அழித்தேன். பிள்ளையார் உருண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டார். கடைசியில் அந்த ஆடு நின்றது. என் கண்ணைப் பார்த்தபடியே தக்காளியை வாயில் போட்டுக்கொண்டது.

பைக் பக்கத்தில்தான் நின்றது. ஓடிவிடலாமா? நெஞ்சுவலி என்று படுத்துவிடலாமா? படுத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்களே... செலவு!

பதற்றத்தில் மனிதன் செய்யக் கூடாததைத்தான் முதலில் செய்வான். நான் மாவுக் கிண்ணத்தை எடுத்தேன்.

என் கைக்கு வந்த தெருக்களைப் பார்த்திருந்தால், வரைந்தவன் ஓடிக்கொண்டே வரைந்தானோ என்று கேட்டிருப்பீர்கள். செங்கற்களை வரிசைப்படுத்தினேன். தக்காளிக்கு என்ன செய்ய? பாக்கெட்டைத் துழாவினேன். பைக் சாவி! சிவப்பு பிளாஸ்டிக் கீசெயினோடு. தக்காளி எங்கே இருந்தது? என் இடது கைப் பக்கம். சந்தேகமே இல்லை. வைத்தேன்.

ஒரு சின்னக் கோளாறு. பெரியவர் தக்காளி வைத்தபோது நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். ஆட்டைத் துரத்திய வேகத்தில் இப்போது எதிர்ப்பக்கம் வந்து நின்றிருந்தேன்.

நாஷ்டா முடிந்து எல்லோரும் வந்தார்கள். நாகரத்தினம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? நான் கோயிலாண்ட தக்காளி வெச்சேன். காலனியாண்ட சாவி கீது?"

"அது வந்துங்க... வெயில்ல தக்காளி வாடிடும்னு..."

"வாடுனா சாவியாப் பூடுமா?"

செல்வம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பத்திரிகை வீட்டுக்குள் போகிறது.

அப்போதுதான் எஸ்தர் சுவரோரம் கை நீட்டினார். அங்கே அந்த ஆடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. தாடியெல்லாம் தக்காளி விதை.

"அவர ஏன் கேக்கறீங்க பெரியவரே? தக்காளி எங்க பூட்ச்சுனு உங்க ஆட்டக் கேளுங்க."

உங்க ஆடு! ஆமாம், சாட்சாத் நாகரத்தினத்தின் ஆடு!

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பெரியவரின் மருமகள் கௌரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யார் மேல் கோபப்படுவார் மனிதர்?

"செரி, செரி. வேற தக்காளி குடுங்க. நானே வெக்கிறேன்" என்று குனிந்தார்.

எஸ்தர் சாவிக்கு எதிரில் குந்திக்கொண்டார்.

"இருங்க பெரியவரே. அழிஞ்சது அழிஞ்சிப் பூட்ச்சு. மறுக்கா பேசிக்கினு வெப்போம். ஷிப்ட் முடிஞ்சி நாங்க வேன்ல வந்து எறங்கறதுக்குள்ளயே பொழுது பூடுது. அதுக்கு மேல ஊரைத் தாண்டி கோயிலாண்ட வந்து, கொடத்தத் தூக்கிக்கினு திரும்பணும்னா ஆவுற கதையா? கேன் தண்ணி வாங்கி வாங்கியே பேஜாரா கீது."

"அதுக்காவ நாங்க காலனிக்கு வந்து தண்ணி புடிக்கணுமா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கே எதையாவது கோமாளித்தனமாகச் செய்து அந்த இடத்தை மூட வேண்டும் போலிருந்தது. முந்திக்கொண்டது கௌரி. மாமனாரைப் பார்க்காமல், வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாங்கன்னா யாரு மாமா? நீங்க என்னிக்குக் கொடம் தூக்கினீங்க? நான்தான போய்ப் புடிக்கப் போறேன்?"

அவ்வளவுதான். அதுவரை தலை மட்டும் ஆட்டிய ஊருக்கு வாய் வந்துவிட்டது. ஆளுக்கொரு குச்சியை எடுத்துக்கொண்டு என் சாவியைத் தள்ள ஆரம்பித்தார்கள். கோயிலுக்குப் போனது. காலனிக்குத் திரும்பியது. ஒரு கட்டத்தில் படத்திலிருந்த ஏரிக்குள் விழுந்தது. "பாத்துங்க... டூப்ளிகேட் சாவி இல்ல" என்று ஈனக்குரலில் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் கௌரியின் குச்சியும் எஸ்தரின் குச்சியும் ஒரே இடத்தில் நின்றன. ரேஷன் கடை. ரெண்டு பக்கத்துக்கும் நடுவில். ஷிப்ட் வேன் நிற்கிற இடமும் அதுதான்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தன் ஆட்டைப் பார்த்தார்.

"ரேஷனுக்கு எல்லாந்தான் போறோம்..." என்று முனகிவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார்.

எஸ்தர் எழுந்து புடவையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். இந்த முறை தானும் தலையாட்டினார்.

அதிகாரி வந்தார். படத்தைப் போட்டோ எடுத்தார். "ஒண்டர்ஃபுல். அந்தச் சாவி எதுக்கு?" என்றார்.

செல்வம் கண்ணிமைக்காமல் சொன்னான்: "ஊரோட சாவி ஊர் மக்கள்கிட்டதான் இருக்குங்கறதுக்கு அடையாளம், சார்."

அதிகாரி உருகிப்போனார். இன்னும் ரெண்டு போட்டோ எடுத்தார். அவர் கார் கிளம்பும்வரை என் சாவியை நான் தொட முடியவில்லை.

கும்மிடிப்பூண்டி திரும்பி டீ குடிக்கும்போது செல்வத்திடம் தைரியமாகக் கேட்டேன். "அடுத்த ஊர்ல எப்போடா மேப்? நானும் வரேன்."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"நீ வேணாம்டா. அந்த ஆட்டைக் கேட்டு வெச்சிருக்கேன்."