படத்துக்கு மேலே எழுதிய வரி

தகரக் கூரையில் மழை விழுந்தால் போனில் பேசுவது எதுவும் காதில் விழாது... கீழே பேக்கரியில் பாண் வேகும் வாசனை மட்டும் படியேறி வரும். பதுளை பஜாரில் அந்த மாடி அறைதான் என் முதல் ஆபிஸ்.

யாழ்ப்பாணத்துக் குகன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காக ஒரு சின்ன இணையத் தளம் செய்திருந்தான். வேலை, கல்யாணம், சாவு, எல்லாச் செய்தியும் அதில் வரும். வருவதைப் பார்த்துச் சரிசெய்வது என் வேலை.

அந்த வருஷம் ஒரு தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் புதைந்தது. படங்கள் வந்து குவிந்தன... எல்லாவற்றையும் சாம்பல் திரையால் மூடி, 'மனதைப் பாதிக்கும் காட்சிகள்' என்று எழுதினேன். பெரிய காரியம் செய்ததாக நினைப்பு.

மறுநாள் காலை ஒரு பெண் நனைந்தபடி படியேறி வந்தாள். செல்வராணி. கொழுந்து பறிக்கிறவள், என் வயதுதான். போன் எடுத்துப் பேசினால் மழையில் எங்களுக்குக் கேட்கவில்லை என்று பஸ் ஏறி வந்திருந்தாள். தங்கச்சியைக் காணோம்.

"நேத்து வரைக்கும் ஆஸ்பத்திரியில இல்லேன்னாங்க மிஸ். உங்க படத்துல தேடுனேன். எல்லாத்துக்கும் ஒரே எழுத்து. திறந்தா ஒண்ணுல இடிஞ்ச வீடு, ஒண்ணுல சின்னப் புள்ள... பாதிக்கு மேல முடியல."

அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க மிஸ்."

"அப்பிடி எழுதினாச் சனம் இன்னும் பயப்படாதோ?" என்றான் குகன்.

"பயம் வந்து ரெண்டு நாளாச்சு சார்."

ஒவ்வொரு படத்துக்கும் என்ன எழுதுவது என்று மூவரும் உட்கார்ந்தோம். தோட்டத்தில் எந்த டிவிஷன், வீடு மட்டுமா, ஆள் இருக்கிறாரா, முகம் தெரிகிறதா... 'அழுகைச் சத்தம் உண்டு' என்பதையும் அவள்தான் சேர்க்கச் சொன்னாள். வீடியோவில் வந்த சத்தத்தைக் கேட்டு அவள் பிள்ளை சாப்பிடவில்லையாம்.

மத்தியானம் புதுப் படம் ஒன்று வந்தது. பார்த்தேன். எழுதினேன். என் முகத்தை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"படத்தக் காட்டாதீங்க. எழுதுனத மட்டும் படிங்க."

படித்தேன். "இறந்தவர் ஒருவர். முகம் மூடியிருக்கிறது. பச்சை ஸ்வெட்டர். இடது கையில் கறுப்புக் கயிறு. பதுளை ஆஸ்பத்திரி."



"தங்கச்சிதான். கயிறு நான் கட்டுனது."

"படத்த எடுத்துடவாங்க?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இருக்கட்டும். அவ புருசன் வீட்டாளுங்களும் தேடுறாங்க. ஆனா 'ஒருவர்'னு போடாதீங்க மிஸ். பொம்பளைன்னு போடுங்க. ஆம்பளையத் தேடுறவங்க எதுக்கு இதத் திறக்கணும்?"

திருத்தினேன். தன் தங்கச்சி போன செய்தி தெரிந்த அந்த நிமிஷத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவரின் நெஞ்சைப் பற்றி யோசிக்க அவளால் எப்படி முடிந்தது? இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

குகன் குடையோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

இப்போது கொழும்பில் பெரிய கம்பெனியில் இதே வேலை. பட்டியலில் ஒரு சொல்லைத் தொட்டால் எச்சரிக்கை தயார். பாதியை மெஷினே போட்டுவிடுகிறது. வேகம் நல்லதுதான், குறை சொல்லவில்லை...

ஆனாலும் அன்று ஒரு வரிக்காக மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஒருத்தி, படத்தில் இருந்தவளின் அக்கா.